ஜோதி வீட்டு நீர்முள்ளி

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில், மழைக்கு முன்னால் எல்லோரும் லாரியில் ரப்பிஷ் வரவழைத்துக் கொல்லையை மேடாக்கிவிடுவார்கள். இடித்த வீட்டுச் செங்கல்லும் காரையும்தான். என் தங்கை ஞானஜோதி மட்டும் கொட்டவில்லை. தெருத் தண்ணீர் முழுக்க அவள் கொல்லையில் வந்து நின்றது.

அந்தச் சேற்றில்தான் நீர்முள்ளி வளர்த்தாள். விதை நனைந்தால் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்று சாம்பலில் புரட்டித் தூவுவாள். தோள் உயரத் தண்டு, கணுவுக்குக் கணு ஆறு முள், நடுவில் ஊதாப் பூ. முள்ளை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் தையல் கம்பெனியில் மிஷின் மிதித்துவிட்டு வந்து இதைப் பார்த்துக்கொண்டாள். தாம்பரம் வட்டாரத்தில் இப்படி ஒரு தோட்டம் வேறு யாரிடமும் கிடையாது.

புதருக்குள் கானாங்கோழி கூடு கட்டியது. பொழுது சாய்ந்தால் கத்தும். குழந்தை தேம்பித் தேம்பி அழுவது போலவே இருக்கும். ஜோதிக்கு எண்பத்தேழில் பிறந்த பையன் ஒரு முறைகூட அழாமலே போய்விட்டான். தெருவுக்கே தெரியும்.

தொண்ணூற்றொன்றில் பக்கத்து வீட்டு பாலாம்பாளின் மருமகள் முழுகாமல் இருந்தாள். பாலாம்பாள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“அது அழுவுறத கேட்டு எங்க வூட்டுப் பொண்ணு சாப்பிடவே மாட்டேங்குதும்மா. அந்தப் பொதர வெட்டிப் போட்டுடு.”

“குஞ்சு பொரிச்சிருக்கு பெரிம்மா. அதுங்க போவட்டும், நானே வெட்டிடறேன்.”

“இன்னா பூவோ! கோயிலுக்கும் ஆவாது, கொண்டைக்கும் ஆவாது.”

“அதான் யாரும் பறிக்க மாட்டாங்க.”

கரிக்குஞ்சுகள் தாயின் பின்னால் ஏரிக்குப் போன மறுநாள், சொன்னபடியே ஜோதி அரிவாளை எடுத்தாள். கடைசிச் செடி சாயும்போது இரண்டு கையும் ரத்தக் கோடு. விதையை மட்டும் உதிர்த்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

அன்று நான் அவளோடு இருந்தேன். பொழுது சாய்ந்தது. வெறும் சேறு. ஒரு பறவையும் இல்லை. சேற்றின் நடுவிலிருந்து அழுகை வந்தது.

“அக்கா, உனக்கும் கேக்குதா?”

“கேக்குது.”

பாலாம்பாள் வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் தலையை நீட்டி வெறும் சேற்றைப் பார்த்தாள்.

“விதை வச்சிருக்கியாம்மா?” என்றாள். “போட்டுடு. அழுவுறதுக்கு ஒரு மறைப்பாவது இருக்கட்டும்.”

ஜோதி சாம்பலை அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.