பூட்டு போட்டவர்

ஃபிட்டருக்கு இப்போது அந்த வேலை இல்லை; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன கிறிஸ்துமஸ் வரைக்கும் கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரைப் பழுதுபார்த்தவர். அந்த ரயிலே அவருடைய இடது கையை முழங்கையோடு எடுத்துக்கொண்டது. தலையிலும் அடி. அன்று காலையில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அடுத்து ஆஸ்பத்திரிக் கூரைதான்.

தண்டவாளத்தில் ஏறுபவர் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவரே இறங்கி வந்து திறக்கும்வரை ரயில் நகரக் கூடாது. விசாரணையில், சுவிட்சில் பூட்டே இல்லை என்றார்கள். ரயிலை இயக்குபவனும் அதையே சொன்னான். அவன் வேறு யாருமில்லை, ஃபிட்டரின் மனைவியோடு பிறந்த தம்பி. ஆஸ்பத்திரியில் எல்லோரையும்விட அதிகம் அழுதவன். சொந்த மச்சினன் பொய் சொல்வானா? அப்படியானால் மறந்தது நான்தான் என்று ஃபிட்டர் ஏற்றுக்கொண்டார்.

கை போனதைவிட அந்த ஏற்றுக்கொள்ளல்தான் மனிதரைத் தின்றது. அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க மாட்டார். இப்போது ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார், கொடுத்த பிறகும், "குடுத்துட்டேனா?" என்று வண்டிக்காரரையே கேட்கிறார். மனைவி கெட்டவள் அல்ல. தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை இழுப்பவள். அலுப்பு மிஞ்சும்போது மட்டும், "ஒரு பூட்டுப் போட உங்களுக்கு நேரமில்ல" என்று வாய் தவறிவிடும். உறவுக்காரர்கள் எல்லாம் தலையெழுத்து என்றார்கள். நிர்வாகமும் அதையேதான் நாசூக்கான வார்த்தையில் சொன்னது. முதலாளிகளுக்குத் தலையெழுத்தைப் போல வசதியான வக்கீல் யார் கிடைப்பார்கள்? எந்த வழக்கிலும் அவர்கள் பக்கமே பேசும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு, ஊழியர் குடும்பங்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டோடு மச்சினன் வந்தான். ஃபிட்டர் வரவில்லை என்றார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட மறுத்தாள். போனார்கள்.

பூங்காவில் மரங்களெல்லாம் விளக்கு மாலை. ஒரு இயந்திரம் சோப்பு நுரையைப் பனியென்று துப்பிக்கொண்டிருந்தது. எள் விழ இடமில்லாத கூட்டம். சிவப்புக் குல்லாய் மாட்டியிருந்த மச்சினன் அவர்களை வரிசையில் நிற்கவிடாமல் பின்பக்கமாக, ரயிலை இயக்கும் தன் மேடைக்கே கூட்டிப் போனான். பாப்பாவுக்கு முதல் பெட்டி என்று வாக்குக் கொடுத்தான்.

அவள் ஏறுவதற்குள் தண்டவாளத்தில் ஏதோ கிறீச்சிட்டது. ஃபிட்டரின் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆள் வந்து மேடையிலிருந்த சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு மேலே ஏறினார். வரிசை விசிலடித்தது. இந்த ரயிலில் ஏறுவதற்குள் பேரன் எடுத்துவிடுவேன் போல என்று ஒருவர் சொல்ல, சுற்றிலும் சிரிப்பு. வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் கத்தினார்: எண்ணெய் விடத்தானே ஏறினான், இந்நேரம் இறங்கியிருப்பான், ஓட்டு.

மச்சினன் "சரி சார்" என்றபடியே மேடைக்கு அடியில் கையை விட்டான். குனியவில்லை, பார்க்கவில்லை. கை வெளியே வந்தபோது அதில் இரும்பு வெட்டும் நீளக் கத்தரி இருந்தது.

ஃபிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொருள் தேடாமல் கைக்கு வருகிறதென்றால், அந்தக் கை அதைப் பல முறை எடுத்திருக்கிறது. மற்றதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய்ந்துபோய், இருக்கிற ஒரு கையால் பூட்டைப் பொத்திக்கொண்டார்.

"விடுங்க மாமா, அவன் இறங்கியிருப்பான்" என்றான் மச்சினன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

"என் பூட்டையும் இதாலதான் வெட்டினியா?"

மச்சினன் கத்தரியைத் தரையில் வைத்தான். "வெட்டலைன்னா வேலை போயிடும்னாங்க மாமா. நீங்க இறங்கிட்டீங்கன்னு நெனச்சேன்." குல்லாயைக் கழற்றி அதிலேயே முகத்தைத் துடைத்தான்.

நான் மறக்கவில்லை. ஃபிட்டரின் மார்பில் ஒரு வருடமாகக் கிடந்த பாறை அந்த நொடியில் புரண்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டடி தள்ளி மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று விடாமல் கேட்டிருந்தாள். அவளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார்.

அவள் தம்பியைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இதை வெளிய சொல்லிடாதீங்க. அவனுக்கு ரெண்டும் கைக்குழந்தைங்க."

"நான் மறக்கலை" என்றார் ஃபிட்டர். குரல் உடைந்து பெரிதாக வந்தது. "கேட்டியா? நான் பூட்டு போட்டிருக்கேன்."

"தெரியுதுங்க. மெதுவாப் பேசுங்க, ஆளுங்க பாக்கறாங்க."

வாக்கி டாக்கி மறுபடியும் கத்தியது. மேலே தண்டவாளத்தில் குனிந்திருந்த ஆள் இன்னும் இறங்கவில்லை. ஃபிட்டர் பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.