ஐந்து தட்டுகளில் ஒரு சொல்

துக்க வீட்டில் ஒரு குழந்தை முதன்முதலாகப் பேசினால் மகிழ்வதா, அதன் வாயைப் பொத்துவதா? மகளின் பழைய வெளிர்நீலப் பிளாஸ்டிக் கப்பைக் கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்த மே மாதத்தில், அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. யார் என்ன சொன்னாலும் என் வளர்ப்பைத்தான் குறை சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்கும். இதற்கிடையில் என் கணவருடைய அண்ணனின் மனைவி, போலந்துக்காரி, தன் பாஷையின் நீளமான நிறப்பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். கப்பைத் தூக்கிக் காட்டி, "யாஸ்-நோ-நியே-பியெஸ்-கி" என்பார். அசைக்கு ஒரு கைதட்டு. பிறகு இரண்டு கைகளையும் விரித்துச் சொல்லைப் பிளப்பார்: இடது கையில் 'யாஸ்னோ', அதாவது வெளிர்; வலது கையில் 'நியேபியெஸ்கி', அதாவது நீலம். கரட், கத்தரிக்காய் என்று சமையலறையில் எதுவும் தப்பவில்லை.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "அக்கா, இவள் தண்ணி எண்டே இன்னும் சொல்லேல்லை. உந்த ரயில் மாதிரிச் சொல்லெல்லாம் என்னத்துக்கு?"

"சின்னச் சொல் கெதியா ஓடிப்போகும், தங்கச்சி. பெரிய சொல்லிலை பிள்ளைக்குப் பிடிக்க இடம் இருக்கு," என்பார், எங்கள் வீட்டில் பழகிய தமிழில். ஒரு பாஷை போதும் என்று சிலர், எத்தனையும் பேசலாம் என்று சிலர். நான் இரண்டையும் நம்பினேன்.

வன்னியில் மாமியின் தங்கை இறந்த செய்தி வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள். ரிவியில் யுத்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மகள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். உயரத்தில் இருந்த கப்பைப் பார்த்துக் கைதட்டினாள். "யாஸ். நோ. நியே. பியெஸ். கி." ஒன்றும் குறையாமல்.

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "பிள்ளை கதைக்குது!" என்று தானும் கைதட்டினார்.

"செத்த வீட்டிலை கைதட்டுறதோ?" மாமி பிள்ளையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். மாமி அழுதுகொண்டிருந்தார். அக்கா மகிழ்ந்து நின்றார். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. கப்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றி மகளுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

இப்போது அக்கா குடும்பம் வேறு வீட்டில். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓய்வதில்லை. ஆனால் தமிழ் வகுப்புப் பாடத்தில் நீளமான சொல் வந்தால் கைகளை மேசைக்கடியில் கொண்டுபோகிறாள். இரண்டு விரல்கள் ஒன்றையொன்று தொடுகின்றன, சத்தமில்லாமல். "பலமாத் தட்டு, குஞ்சு" என்றால், "நான் ஒண்டும் தட்டேல்லையே அம்மா" என்கிறாள்.

கப்பின் நீலம் மங்கிவிட்டது. அன்று நடந்ததை அவளுக்குச் சொல்வதா, அவளாக மறக்கட்டும் என்று விடுவதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அந்தக் கைகளை மேசைக்கு மேலே எப்படிக் கொண்டுவருவது?