பரோலோ மலையும் என் மூக்கும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒயின் குடித்தேன்.

ஆமாம், நான்தான்! கள்ளுக்கடை மறியலை ஆதரித்து இதே பக்கத்தில் வாரக்கணக்காக எழுதிய அதே ஆசாமி. கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். நான் செய்தது சரியா, தப்பா? எனக்குத் தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓர் இத்தாலியர் இருக்கிறார். பெயர் ஜொவான்னி. ரங்கூனில் உள்ள பியானோக்களுக்கும் மாதாகோயில் ஆர்கன்களுக்கும் சுருதி சேர்ப்பது தொழில். வாலிபத்தில் கப்பலேறி வந்தவர், இப்போது தலை முழுக்க நரை. கோயிலுக்கு வரும் தமிழர்களோடு பழகித் தமிழும் பேசுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் பியானோ துரை.

யுத்தம் முடிந்த சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் துரை பிழைத்தார். அவர் மூக்கு பிழைக்கவில்லை. அன்று முதல் மல்லிகையும் ஒன்றுதான், பர்மாக்காரர்கள் மீனை அழுகவிட்டுச் செய்யும் நாப்பியும் ஒன்றுதான் அவருக்கு.

அவர்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார்.

"ஐயா, உம்முடைய மூக்கு கொஞ்ச நேரம் வேணும்."

குடையை இரவல் கேட்பார்கள், கேட்டிருக்கிறேன். மூக்கை? ஆனால் காரணம் இருந்தது. பசுண்டாங் அரிசி மில்லில் சாம்பிள் பார்ப்பது என் வயிற்றுப் பிழைப்பு. ஒரு பிடி அரிசியை மோந்து பார்த்து, பழசா, புதுசா, மழையில் நனைந்ததா என்று சொல்வேன்.

அவர் வீட்டு மேஜையில் தூசி படிந்த ஒரு பாட்டில், ஒரே ஒரு கிளாஸ்.

"பரோலோ" என்றார். "எங்க ஊர் ஒயின். நான் கப்பலேறின வருஷம் அப்பா பண்ணினது. இதுதான் கடைசி பாட்டில்."

"அத்தனை வருஷமா? கெட்டுப் போயிருக்குமே, துரை!"

"புதுசிலேதான் குடிக்க முடியாது. பச்சைப் பாக்கு மாதிரி நாக்கைக் கட்டும். பல வருஷம் இருட்டிலே படுத்தாத்தான் கோபம் தணியும்."

அவர் ஊர் இத்தாலியின் வடக்கே. வெளுத்த களிமண் குன்றுகள். மற்ற திராட்சை எல்லாம் பறித்த பிறகும் இந்த ஜாதி மட்டும் கொடியிலேயே தொங்குமாம். மூடுபனி இறங்கி வந்து குன்றை மூடும்போதுதான் பழுக்குமாம். அந்தத் திராட்சையின் பெயரே மூடுபனியிலிருந்து வந்ததாம். அதே கொடியைப் பக்கத்துச் சரிவில் நட்டால் வேறு ருசி.

விஷயம் இதுதான். அப்பாவின் திராட்சைச் சரிவை விற்க வேண்டும் என்கிறான் ஊரிலிருக்கும் தம்பி. பாதி இவருடையது, சம்மதம் வேண்டும். கடைசி பாட்டிலை அனுப்பு, சொல்கிறேன் என்றிருக்கிறார் துரை.

"ஒயின் உயிரோட இருந்தா விக்க மாட்டேன். செத்திருந்தா விக்கட்டும்."

"செங்கடல் சூட்டிலே கெட்டிருந்தா? அதுக்கு மலை என்ன செய்யும்?"

"அதையும் தாங்கணும். தாங்கினாத்தான் அப்பா மலை."

"கிளப்பிலே ஒயின் தெரிஞ்ச துரைமார் இருக்காங்களே..."

"அவங்க மரியாதைக்காரங்க. செத்திருந்தாலும் பிரமாதம்பாங்க. நீர் சொல்லும்."

ஊற்றினார். ஒயின் என்றால் ரத்தச் சிவப்பு என்பார்களே — இது செங்கல் நிறம்! மூக்கருகே கொண்டுபோனேன். திடுக்கிட்டேன். கீல் வாடை, தார் வாடை!

இதை எப்படிச் சொல்வது? பொய் சொன்னால் மலை தப்பும். ஆனால் பொய் வேண்டாம் என்றுதானே என்னை அழைத்திருக்கிறார்? ஒரு வாய் குடித்தேன். துரையின் விரல்கள் மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"மன்னிக்கணும் துரை. கீல் வாடை அடிக்குது. சம்பான் படகுக்கு அடியிலே பூசுவாங்களே, அது."

கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது மலை என்று நினைத்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம்... ரோஜா. புது ரோஜா இல்லே. கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலே வாடிக் கிடக்குமே மாலை, அந்த வாசனை."

துரை எழுந்து வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவர் கண்ணீர் என் மீசையில்.

"கீலும் ரோஜாவும்! அப்பா சொல்லிக்கிட்டிருந்த அதே ரெண்டு வார்த்தை! உயிரோட இருக்கு, ஐயா!"

நல்ல ஒயினுக்குத் தார் நாற்றம்தான் லட்சணமா? இது என்ன நியாயம்? தலை சுற்றியது — ஒயினாலா, விஷயத்தாலா, அதுவும் தெரியவில்லை.

கிளாஸைக் காலி செய்துவிட்டுப் புறப்படும்போதுதான் கேட்கத் தோன்றியது: "தம்பி ஏன் விக்கணும்ங்கறார்?"

"அவன் பிள்ளைங்க ரெண்டு பேரும் யுத்தத்திலே போயிட்டாங்க. அவனுக்கும் முதுகு போச்சு. கொடியைப் பார்க்க ஆள் இல்லே."

எனக்குச் சுருக்கென்றது. மலையைக் காப்பாற்றினேனா? முதுகொடிந்த ஒரு மனிதன் தலையில் அதை மறுபடி தூக்கி வைத்தேனா?

"அப்போ யார் பார்ப்பாங்க?"

"நான்தான்" என்றார் துரை, வெகு சாதாரணமாக.

விற்காதே என்று திங்கட்கிழமை தந்தி போய்விட்டது. அடுத்த கப்பலில் அவரும் போகிறார். வாசனையே தெரியாத மனிதர், இந்த வயதில், வாசனைக்காகவே குடிக்கும் ஒயினைச் செய்யப் போகிறார்! முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தடுப்பதா, வாழ்த்துவதா? வாழ்த்தினேன். பிறகு வாரம் முழுவதும் மில்லில் பழைய அரிசியைப் புதுசு, புதுசைப் பழசு என்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி தங்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஏங்க, மூக்கைத்தானே கேட்டாரு? மோந்து பார்த்துட்டு வராம, கிளாஸைக் காலி பண்ணிட்டு வரணுமா?"

இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குத் தெளிவாகப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.