படலையில் வைத்த கதிரை

பூநாரை பார்க்கத்தான் மன்னாருக்குப் போனேன். இந்த மார்ச்சில், போன வெள்ளிக்கிழமை, வங்கி வேலையில் எனக்கு லீவு கிடைத்த ஒரே நாள். யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரைக்கு பஸ், எட்டே முக்காலுக்கு மன்னார், டிக்கெற் 520 ரூபாய்.

நாள் முழுக்க ஓட்டோவுக்கு 6,500 பேசினேன். ஓட்டுநர் அமலதாஸுக்கு நாற்பது வயதிருக்கும். ஏறுமுன்பே நிபந்தனை போட்டார்.

"மூண்டு மணிக்கு உங்களை ஸ்டாண்டிலை இறக்கிவிட்டிடுவன் அக்கா. அதுக்குப் பிறகு எனக்கு ஏலாது."

காசு கொடுப்பவளுக்கே நேரம் குறிக்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்றது.

பத்து கிலோமீற்றரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம். காலை வெயிலில் நூறுக்கு மேல் பூநாரைகள். நான் படம் எடுத்துத் தள்ளினேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோன் அடிக்கும், பார்ப்பார், வைத்துவிடுவார். இரண்டு இருபதுக்கு மனைவி றெஜினா அழைத்தபோதுதான் பேசினார். முகம் வெளிறிவிட்டது.

"லொறி வெளிக்கிட்டிட்டுதாம்" என்றார்.

என்ன லொறி என்று கேட்டேன். கொட்டிவிட்டார். கீரிக் கடற்கரைக்கு அப்பால் அவர் காணி. அதன் பின்னால் ஊருக்கே பொதுவான மணல்மேடு. அந்த மணல்தான் மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறது. தோண்டினால் கிணறெல்லாம் உப்பாகிவிடும். மேட்டுக்கு லொறி போக இருக்கும் ஒரே வழி அவர் வேலி வாசலில் உள்ள படலைக் கதவு.

"குழாய்க்கிணறு அடிக்க மண் பாக்கிறம் எண்டு கம்பனிக்காரர் வந்தவை. கடதாசி இங்கிலீசிலை. நம்பிக் கையெழுத்து வைச்சனான். கனிம மணலுக்கெண்டு பிறகுதான் தெரிஞ்சது. மூண்டு மாசமா சனம் என்னோடை கதைக்கிறேல்லை. இண்டைக்கு துளை போட வருகினம்."

"அப்ப நேரே வீட்டை போங்கோ. நானும் வாறன்" என்றேன். பாதி அக்கறை, பாதி புதினம் பார்க்கும் ஆசை. பொய் சொல்லமாட்டேன்.

வழியில் இன்னொன்றும் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிகளில் நாலு மணிக்கு அவ்வூர் வீதியில் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளை நினைத்துப் பதினான்கு தலங்களில் நின்று செபித்தபடி போகும் ஊர்வலம். பதினான்கு தலங்களுக்கும் பதினான்கு வீடுகள். அந்தந்த வீட்டுக்காரர் வேலியோரம் கதிரை வைத்து, வெள்ளைத்துணி விரித்து, சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வைப்பார்கள். பதினோராம் தலம் அவர் வீடு. இந்தத் தவக்காலம் அவர் வைக்கவில்லை. ஊர் வெறும் வேலியைப் பார்த்துச் செபித்துவிட்டுப் போயிருக்கிறது.

"எந்த முகத்தோடை வைக்கிறது அக்கா?"

மூன்றேகாலுக்கு அவர் வீட்டில் இறங்கினோம். அவர் உள்ளே போய்விட்டார். நான் கோயிலடிக்கு நடந்தேன். பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. ஆர்ப்பாட்டத்துக்குத் தடை உத்தரவாம், செபத்துக்கு இல்லை. சரியாக நாலுக்குப் பங்குச் சுவாமியார் தொடங்கினார். சுமார் நூறு பேர், பதாகை இல்லை, கோஷம் இல்லை. பின்னால் லொறி ஹோர்ன் அடித்தபடி ஊர்ந்தது. ஒவ்வொரு தலத்திலும் எல்லோரும் நடுவீதியில் முழங்காலிட்டார்கள், லொறி நின்றது.

பத்தாம் தலம் தாண்டியதும் லொறி மணலில் இறங்கி, கூட்டத்தை முந்திப்போய் அமலதாஸின் படலையில் நின்றது. கோப்போடு ஓர் அதிகாரி இறங்கினார்.

"அமலதாஸ் ஆர்? படலையைத் திறவுங்கோ."

அமலதாஸ் வெளியே வந்து படலையை அகலத் திறந்தார். பாவி, விட்டுவிட்டாரே என்று பற்களைக் கடித்தேன். அவர் திரும்ப உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வந்தார். வேலியோரம் வைக்கவில்லை. திறந்த படலைக்கு நட்டநடுவே வைத்தார். றெஜினா துணியை விரித்தார், சுரூபத்தை வைத்தார். காற்றில் நெருப்புக்குச்சி மூன்று தரம் அணைந்தது. கூட்டத்திலிருந்து அயல்வீட்டுப் பெண் ஒருவர் வந்து, தன் மெழுகுதிரியால் றெஜினாவின் மெழுகுதிரியைக் கொளுத்தினார். றெஜினா அழுதுவிட்டார்.

"கையெழுத்து என்ரதுதான். பிழையும் என்ரதுதான்" என்றார் அமலதாஸ் அதிகாரியிடம். "உள்ளுக்கு விடமாட்டன்."

சுவாமியார் வாசித்தார்: "பதினோராம் தலம். இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். ஆண்டவரே, நீர் படைத்த இந்த மண்ணில் ஆணி இறங்கும்போது, பார்த்துக்கொண்டு நிற்பவர்களாக எங்களை விட்டுவிடாதேயும்."

எல்லோரும் முழங்காலிட்டார்கள். நான் சைவம், நின்றுகொண்டிருக்க வெட்கமாக இருந்தது, நானும் முழங்காலில் இருந்துவிட்டேன். அந்தக் கதிரையில் கைவைக்க அதிகாரியும் துணியவில்லை, பொலிஸும் துணியவில்லை. ஐந்து ஐம்பதுக்கு லொறி வந்த வழியே திரும்பிப் போனது. "திங்கட்கிழமை வருவம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யாரும் கைதட்டவில்லை. மிச்சம் மூன்று தலங்கள் இருந்தன.

போகிறவர்களுக்கு: பூநாரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது, தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம். என்னைப் போல் கடைசி பஸ்ஸை விட்டால் மன்னார் ரவுணில் 4,000 ரூபாய்க்கு அறை கிடைக்கும். பறவைகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அவை நிற்கும் கரையில் இருப்பவர்களோடும் ஒரு வார்த்தை பேசுங்கள். பக்தி என்றால் கண்ணை மூடுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை அமலதாஸ்தான் என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார். கதிரையை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. படலையிலைதான் இருக்கு. இராமுழுக்க ஊர்ச்சனம் முறைவைச்சு மெழுகுதிரி கொளுத்தினது."

அவருடைய ஓட்டோவில் போக விரும்பினால் திங்கட்கிழமை கேட்காதீர்கள். அன்றைக்கு அவர் வீட்டு வாசலை விட்டு நகரமாட்டார்.