வேறு வேறு பஸ்ஸில் வந்தவர்கள்

கடந்த திங்கட்கிழமை காலை, ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பூண்டுலோயாவிலிருந்து தெய்வானை மிஸ்ஸின் தம்பி. "அக்கா போயிட்டாங்கம்மா. காலையில எழுப்பப் போனோம்..." என்றார். போனை வைத்துவிட்டு, கையிலிருந்த குழாயின் பெயர்ச்சீட்டை மறுபடி ஒரு தடவை வாசித்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. மிஸ் என்னை அப்படிப் பழக்கியிருந்தார்.

முனைவர் தெய்வானை, பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லய வீட்டில் பிறந்து, கண்டியில் இரத்த ஆய்வாளராக உயர்ந்தவர். சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளே அவரது வாழ்நாள் ஆராய்ச்சி. ஏ, பி, ஓ என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சர்க்கரைகளின் வித்தியாசம்தான். ஓ பிரிவிலும் அடிச்சர்க்கரை ஒன்று உண்டு. வெகு சிலருக்கு அதுவும் கிடையாது. சாதாரணச் சோதனையில் அவர்களும் ஓ என்றே தெரிவார்கள். ஆனால் ஓ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

மிஸ்ஸைப் போலப் பயப்படுகிறவரை நான் பார்த்ததேயில்லை. வீட்டுக்குக் கிளம்பியவர், குளிர்பெட்டியைச் சாத்தினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். காதில் விழுந்துவிட்டால், "சிரிங்க, சிரிங்க. ரத்தத்துல கை வைக்கிறவங்களுக்குப் பயம் இருக்கணும்" என்பார்.

நுவரெலியாவுக்கு மேலே குளிர்வெளியில், வெள்ளைக்காரர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி ஒன்று மண்டிக்கிடக்கிறது. அதன் விதைச்சாறு அடிச்சர்க்கரை உள்ள அணுக்களைத் திரளவைக்கும், இல்லாதவற்றை ஒன்றும் செய்யாது. மிஸ் அனுமதி வாங்கிப் போய், கையெல்லாம் கீறலோடு விதை கொண்டுவருவார். களையென்று எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு கவலை.

அந்த விதைதான் சரசுவைக் காட்டிக்கொடுத்தது. சரசு ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண். பிரசவ நாள் நெருங்கியிருந்தது, உடம்பில் இரத்தம் மிகக் குறைவு. ஓ என்று எழுதி வந்த அவரது மாதிரி எங்களிடமிருந்த எந்த ஓ இரத்தத்தோடும் ஒத்துப்போகவில்லை. என் கைப்பிழை என்றே நினைத்தேன். மிஸ் விதைச்சாற்றை விட்டுப் பார்த்தார். அணுக்கள் திரளவில்லை. மறுபடி பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு கேளுங்க. சீக்கிரம்மா!"

அண்ணன் மணி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தார். மண்சரிவால் ரயில் நின்றுபோக, பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தார். மிஸ் சாப்பிடாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். "அவருக்கு அந்தச் சர்க்கரை இருந்துட்டா என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அண்ணன் என்பதற்காக ஒத்துவந்துதான் ஆகவேண்டும் என்றில்லையே.

மணியின் அணுக்களும் திரளவில்லை. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அண்ணன் கொடுத்த இரத்தத்தில் சரசுவும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள்.

நன்றி சொல்ல வந்த அண்ணன் தங்கை இருவரையும் மிஸ் சும்மா அனுப்பவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல ஏறாதீங்க. ஒருத்தருக்கு அடிபட்டா மத்தவர்தான் ரத்தம் குடுக்கணும். நம்ம ரோடு தெரியும்தானே?"

மணி சிரித்துவிட்டார். "தேர்த் திருவிழாவுக்குக்கூடவா மிஸ்?"

"தேருக்கும்தான்."

மரண வீட்டுக்கு நான் போனபோது தோட்டத்துப் பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. சரசு மகளோடு வந்து மிஸ்ஸின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டியை மூட வேண்டும் என்றார்கள்.

"அண்ணன் எங்க சரசு?"

"பின்னால வர்ற பஸ்ஸுல வர்றாருங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

மிஸ்ஸின் தம்பியிடம் கெஞ்சினேன். தப்பு மேளம் அடிப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே வளைவுகளில் பனி மூடியிருந்தது, பஸ் கண்ணில் படவில்லை. அந்தச் சற்று நேரத்தில் நான் பயந்த பயம் மிஸ்ஸினுடையதேதான். கடைசியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. மணி இறங்கி ஓடிவந்தார்.

மிஸ், இருவரும் பத்திரமாக வந்துசேர்ந்துவிட்டார்கள். பயப்படுகிற வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் தூங்குங்கள்.