என் பக்கம் திரும்பிய கட்டைகள்

குழந்தை உளவியலில் பிஎச்.டி. செய்கிறேன் என்று சொன்னால் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இரண்டு கேள்விகள்தான் வரும். நீங்கள் ஊசி போடும் டாக்டரா என்பது ஒன்று. நான் இப்போது மனசில் என்ன நினைக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இல்லை, தெரியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். உண்மையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைத்து, ஸ்டாப் வாட்சை அமுக்கி, அதற்கு ஓர் எண் போட வேண்டும். எண் விழுந்துவிட்டால் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதன்மேல்தான்.

ஆராய்ச்சிக்கு நடுவே களப்பயிற்சி என்று ஒன்று உண்டு. எனக்குக் கிடைத்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடம். வாரத்தில் ஒரு நாள் டெஸ்ட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போவேன். பச்சைக் குழந்தையைக் கூட அவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் தூக்கிப் போயிருக்கமாட்டார்கள். பெட்டியில் கீறல் விழக்கூடாது என்று துறையில் அத்தனை முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தைகள் மேல் கீறல் விழுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அங்கே தலைமையாசிரியை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவளுக்கு ஒண்ணுமே ஏறல மேடம். அஞ்சாவது வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியல. நீங்க டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பிடலாம். எங்களுக்கும் நிம்மதி, அவளுக்கும் நல்லது."

அவர்களுடைய நிம்மதி முதலில் வந்தது, அவளுடைய நல்லது பிறகு வந்தது. அந்த வரிசையை நான் கவனித்தேன். அவர் சொன்ன சிறப்புப் பள்ளி செங்கல்பட்டில் இருந்தது. குப்பத்திலிருந்து பஸ் மாறிப் போகவேண்டும். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா சாலையோரம் மீன் விற்கிறவர். தினமும் அவளை யார் கூட்டிப்போய் விடுவது? 'அனுப்பிடலாம்' என்றால் வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சிறுமி வாயே திறக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்த்தாள். என் கைக்கடிகாரம், பெட்டியின் கொக்கி, ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்த காக்கை, எதுவும் தப்பவில்லை. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அவள் முன்னால் கொட்டி, அட்டையில் இருந்த படத்தைக் காட்டி, இதே மாதிரி அடுக்கு என்றேன். மளமளவென்று அடுக்கினாள். நான் பார்த்தேன். படத்தில் இருந்தபடியே அச்சாக இருந்தது. ஆனால் எனக்கு. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழ்.

அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். கட்டைகளைத் திருப்பி வைத்தால் மதிப்பெண் கிடையாது என்று எங்கள் கையேடு தெளிவாகச் சொல்கிறது. தலைகீழாக்கினாலும் மாறாத ஓரிரு வடிவங்களுக்கு மட்டும்தான் அவளுக்கு மதிப்பெண் விழுந்தது. மீதியெல்லாம் பூஜ்யம்.

டெஸ்ட் முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன்னால் கேட்டேன். "ஏம்மா எல்லாத்தையும் என் பக்கமா வெச்ச?"

அப்போதுதான் முதல் முறையாகப் பேசினாள். "நீங்கதான மிஸ் பாக்கறீங்க?"

"அதனால?"

என்னைவிட மக்கு இருக்கமுடியாது என்பதுபோல் பார்த்தாள். "மீனு கூறு போட்டா வாங்கறவங்க பக்கமாத்தான வெப்பாங்க? நம்ம பக்கமா வெச்சா எவன் வாங்குவான்?"

பள்ளி விட்டதும் அவள் அம்மாவோடு ஈசிஆர் ஓரம் பலகைக்குப் பின்னால் நிற்பாள். சங்கராவையும் நெத்திலியையும் கூறு கூறாகப் பிரித்து, கார் நிறுத்தி இறங்குகிறவர்களின் கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி அடுக்குவது அவள் வேலை. எதிரில் இருப்பவருக்காக அடுக்கிப் பழகிய கை அது. படத்தை மனசுக்குள்ளேயே திருப்பி அடுத்தவர் கண்ணால் பார்த்து அடுக்குவது, டெஸ்ட் கேட்டதைவிடக் கடினமான காரியம். அதற்குத்தான் நாங்கள் பூஜ்யம் போட்டிருந்தோம். "இப்ப உனக்காக வை" என்றேன். ஒன்றுகூடத் தப்பாமல், சரசரவென்று வைத்தாள்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு என் ஆராய்ச்சிக்கு கைடாக இருந்த பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீ இதைக் கேட்டது டெஸ்ட் முடிஞ்சப்புறம். அதுக்கெல்லாம் நார்ம் கிடையாதும்மா, ஒப்பிட்டுப் பாக்க அளவுகோலே இல்ல. மேனுவல்ல என்ன இருக்கோ அதைப் போடு."

"சார், அவளுக்குப் புத்தி நல்லா இருக்கு சார்."

"அது உன் அபிப்பிராயம். ஸ்கோர் என்ன சொல்லுது?"

ஸ்கோர் சொன்னதை அவரே சொல்லி என்னை எழுதவைத்தார். பார்வையால் உணர்ந்து அறிவதில் குறைபாடு, அறிவுத்திறன் குறைவு, சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரை. எழுதினேன், கையெழுத்துப் போடவில்லை. டெஸ்ட் செய்தவர் கையெழுத்து இல்லாமல் அந்த அறிக்கை எங்கேயும் போகாது. "கையெழுத்துப் போடாம நீ எப்படிக் களப்பயிற்சிய முடிக்கறேன்னு நானும் பாக்கறேன்" என்றார். கண்ணைத் திறந்து ஒரு குழந்தையைப் பார்க்கச் சொன்னதற்கு இந்த மிரட்டலா?

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய அம்மா எனக்காகக் காத்திருந்தார். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது.

"இன்னா டீச்சரே, எம் பொண்ணு லூசுன்னு எழுதப் போறியாமே?"

"இல்லம்மா, நான் கையெழுத்துப் போடல."

"நீ போடலன்னா இன்னொருத்தர் வந்து போடுவாரு. படிப்பு வரலன்னா சொல்லிக் குடுங்க. அதுக்குத்தானே இஸ்கூலு கீது? மீனு விக்கலன்னா நான் கடலையா குத்தம் சொல்லிகினு இருக்கேன்?"

அவர் கேட்டது நியாயம் என்று தலையாட்டினேன். கைடுமேல் எனக்கிருந்த கோபத்தோடு அந்த அம்மாவின் கோபமும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கோபத்தோடுதான் டாக்டரல் கமிட்டி முன்னால் போய் நின்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்மை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் சடங்கு அது. நீள மேஜையின் ஒரு பக்கம் கமிட்டிக்காரர்கள், எதிர்ப்பக்கம் கைடும் நானும். அவர்களில் ஒருவர் புள்ளியியல் பேராசிரியர். நான் கொண்டுபோய் மேஜைமேல் வைத்திருந்த டெஸ்ட் பெட்டியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. இந்தக் கட்டைகளை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்வீர்கள் என்று ஆசையாகக் கேட்டார்.

கைடுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதோ காட்டறேன் சார்" என்று பெட்டியைத் திறந்தார். அட்டையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். கட்டைகளை எடுத்து விறுவிறுவென்று அடுக்கி முடித்து, "பாருங்க, படத்துல இருக்கற மாதிரியே" என்றார்.

எதிரில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது படத்தில் இருந்தபடியே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"சார், உங்க பக்கத்துலேர்ந்து பாத்தா தலைகீழா இருக்கு" என்றேன்.

"அவங்கதானம்மா பாக்கறாங்க? அவங்க பக்கமாத்தான் வைக்கணும்" என்றார் எரிச்சலோடு.

"அந்தப் பொண்ணும் இதைத்தான் சார் சொன்னா. மேனுவல்படி உங்களுக்கும் பூஜ்யம்."

புள்ளியியல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கைடின் முகம் கறுத்துவிட்டது. "அது வேற, இது வேறம்மா" என்றார். என்ன சார் வேறு என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. நான் சொல்கிறேன் என்ன வேறு என்று. அவர் பேராசிரியர், அவள் மீன் விற்கிறவர் மகள். அவர் திருப்பி வைத்தால் மரியாதை, அவள் திருப்பி வைத்தால் குறைபாடு.

சிறுமியின் விஷயத்தை என்னிடம் முழுதாகக் கேட்டுவிட்டு, கமிட்டிக்காரர்கள் அந்த அறிக்கையை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். தவறு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 'மேலும் அவதானிப்பு தேவை' என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனக்குக் கைடு மாறினார், படிப்பு ஒரு வருடம் நீண்டது. அதற்காக நான் அழவில்லை. அவள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

போதாது என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. அவளுக்கு இப்போது படிக்க யார் சொல்லித் தருகிறார்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"நீங்கதான் அவளுக்கு ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டீங்களே மேடம். அப்புறம் எதுக்குத் தனியா சொல்லித் தரணும்?"

குறை இருந்தால் துரத்துவார்கள். குறை இல்லாவிட்டால் மறந்துபோவார்கள். இரண்டிலும் அவளுக்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்காது. நான் அவரிடம் சண்டை போட்டேன், ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படியே போட்டேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் எதிரெதிராக உட்கார்ந்தேன். தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

திறந்தாள். பக்கத்தை நீவிவிட்டாள். பிறகு புத்தகத்தை அழகாக என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஏம்மா?"

"நீங்க படிங்க மிஸ். நான் பின்னாடி சொல்றேன். கிளாஸ்ல அப்படித்தான்."

நான் புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பி, அவள் விரலை எடுத்து முதல் எழுத்தின்மேல் வைத்தேன். அவள் விரலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"எனக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

ஐந்து வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த குழந்தை கேட்ட கேள்வி அது.