மொபெட் சத்தம்

எங்கள் நாய் தன் பீயைத் தானே தின்றது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் அது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். நான் மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிசிறு வெட்டினேன். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலை நறுக்குகிற வேலை. அறை முழுக்க வெள்ளை பனியன் குவிந்து கிடக்கும். ஒன்றில் கறை பட்டாலும் கட்டோடு திருப்பிவிடுவார்கள், அடுத்த கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அந்தக் கறைப் பயம் அவரைப் பேயாகப் பிடித்திருந்தது. நாய் வாசலில் அசிங்கம் செய்திருந்தால், மொபெட்டை நிறுத்திய கையோடு செருப்பைக் கழற்றுவார். அதன் மூக்கை அதிலேயே அழுத்தித் தேய்த்து அடிப்பார். அப்படித்தான் பழக்க வேண்டும் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். மகள் பனியன் பக்கத்தில் மூத்திரம் பெய்தாலும் அதே சத்தம்தான். கையில் செருப்பு மட்டும் இருக்காது.

நாய் தின்பதை ஒருநாள் வீட்டு ஓனரம்மா பார்த்துவிட்டார்.

“ஏனுங்க கண்ணு, இதென்ன கருமம்? கொழந்த இருக்கற ஊடு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அதக் கொண்டுபோயி எங்கியாச்சும் உட்டுப்போடோணும். இல்லீன்னா வேற ஊடு பாத்துக்குங்க சாமி.”

மரியாதை ஒரு சொட்டுக் குறையாமல் கழுத்தைப் பிடித்துத் தள்ள அந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

“நாயக் குளிப்பாட்டி நடுவீட்ல வச்சாலும் பீ திங்கத்தான் போவும்” என்று என் வீட்டுக்காரர் பழமொழி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து அறைக்காரி பேச்சைக் கேட்டுப் பீயின் மேல் மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே தின்றது, மறுநாளும் தின்றது. என் மகள் அந்த நாயைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அது போய்விட்டால் இவள் என்ன ஆவாள்?

வெள்ளிக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு நடந்தேன். டாக்டர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துப் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஒருவேளை மட்டும் போடுகிற சோற்றை இரண்டு வேளையும் போடச் சொன்னார். வெளிக்குப் போனால் உடனே அள்ளிவிட வேண்டும், அதை மோந்தால் கத்தாமல் கூப்பிட்டு வேறு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்காக அடிப்பீங்களா?”

“எங்க வீட்டுக்காரர் அடிப்பாருங்க.”

“பூச்சியும் பசியும் பாதிக் காரணம்மா. மீதி, அடிக்குப் பயந்து மறைக்குது.”

சாயந்திரம் இவரிடம் சொன்னேன். சிரித்தார். “நாய்ட்ட பேட்டி எடுத்தாராக்கும்? நாளைக்கு அவிநாசிபாளையத்துப் பக்கம் கொண்டு விட்டுட்டு வாரேன். பேச்ச விடு.”

சனிக்கிழமை வேலை ஓடவில்லை. கத்தரிக்கோல் நூலை விட்டுத் துணியைக் கடித்தது. பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. வாசலோரம் நாய் எப்போது வெளிக்கு இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டதுதான் தாமதம், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு அள்ளி அள்ளி விழுங்கியது. சோற்றைக்கூட அது அப்படித் தின்று நான் பார்த்ததில்லை.

துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன். மூலையில் என் மகள் நின்றிருந்தாள், காலடியில் ஈரம். பாவாடை நுனியால் அவசர அவசரமாகத் துடைத்தாள். துடைத்துத் தீரவில்லை. ஒரு வெள்ளை பனியனை இழுத்து அதன் மேல் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மொபெட் நின்றது. நாயும் அவளும் ஒன்றாக வாசலைப் பார்த்தார்கள்.

அவர் கையில் சாக்கோடு வந்தார். நாயைப் பார்த்ததும் கை செருப்புக்குப் போனது. அப்புறம்தான் மகளையும், அவளுக்கு அடியில் நனைந்திருந்த பனியனையும் பார்த்தார். மகள் சாக்கைப் பார்த்தாள்.

“என்னயும் இதுல போட்டுக் கொண்டு விட்ருவியாப்பா?”

அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்தார். பிறகு அந்தச் சாக்காலேயே வாசலைத் துடைத்தார். மறுநாள் ஓனரம்மாவிடம் போய் ஒரு மாதம் தவணை கேட்டார். “பாக்கலாமுங்க” என்றார் அந்த அம்மா.

அன்றிலிருந்து மொபெட்டைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். நாயின் பழக்கம் மெல்ல மெல்ல நின்றது. ஓனரம்மாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெகுநாள் கழித்து, மழைக்குப் பயந்து ஒருநாள் வாசல்வரை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். நாய் வாலாட்டிக்கொண்டு ஓடியது. என் மகள் மட்டும் எழுந்து நின்று தன் பாவாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.